மணம் அறியும் புரதமும் அதைக் காட்டும் சாட்சியும்

வெள்ளி விழா அறிவியல் அரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை

 

இளைஞர்களுக்கு விளங்கும் வகையில் அறிவியற் பொருள் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். விண்வெளியைப் பற்றிப் பேசலாம். கணினியைப் பற்றிப் பேசலாம். அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்டிருப்பது கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சிறு குப்பி. அதன் அடியில் நிறமற்ற நீர்மம் சில துளிகள் இருக்கும். மேலே ஒட்டிய சீட்டில், மனித மணவேற்பிப் புரதம் ஒன்றினை அடையாளங்காட்டும் எதிர்ப்பொருள் என்றும், முயலில் உண்டாக்கப்பட்டது என்றும், ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது என்றும் எழுதியிருக்கும். உயிர்வேதியியலும் உயிரித் தொழில்நுட்பமும் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள் நாளை ஆய்வுக்கூடத்தில் இத்தகைய குப்பியைக் கையில் எடுப்பார்கள். எடுக்கும்போது அவர்கள் மனத்தில் எழ வேண்டிய கேள்வி எது என்பதே என் உரையின் பொருள்.

முதலில் மணத்தைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தியபோது, மூக்கால் அறிவதை மூன்றாவது அறிவாக வைத்தார். 'நாற்றம்' என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. பிற்காலத்தில்தான் அது தீய வாடைக்கே உரியதாகச் சுருங்கிற்று. இவ்வளவு தொன்மையான காலந்தொட்டு மனிதன் மூக்கைப் பற்றிச் சிந்தித்திருந்தும், அது ஒரு மணத்தை மற்றொன்றிலிருந்து எவ்வாறு பிரித்தறிகிறது என்னும் வினாவிற்குத் தெளிவான விடை கிட்டும் வழி 1991-ஆம் ஆண்டில்தான் திறந்தது.

மல்லிகையை முகர்கிறோம். பூவிலிருந்து ஆவியாகும் நுண்ணிய மூலக்கூறுகள் மூச்சுக்காற்றோடு கலந்து மூக்கறையின் மேற்பகுதியை அடைகின்றன. அங்கே சளிநீரால் நனைந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அப்படலத்தில் பல லட்சம் நரம்புச் செல்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு செல்லின் நுனியிலும் மயிரினும் நுண்ணிய குற்றிழைகள் உண்டு. அக்குற்றிழைகளில் பதிந்திருக்கும் புரதங்களே மணவேற்பிகள். தனக்குப் பொருந்தும் மூலக்கூறு வந்து சேர்ந்தவுடன் ஏற்பி செல்லைத் தூண்டுகிறது. செல்லில் மின்குறிப்பு எழுந்து, மூளையின் முன்புறத்திலுள்ள நுகர்ச்சிக் குமிழை அடைகிறது. ஒரு பொருளின் மணம் பல ஏற்பிகளைத் தூண்டக்கூடும். ஓர் ஏற்பியும் பல பொருள்களுக்கு வினைபுரியக்கூடும். சில எழுத்துகள் வெவ்வேறு வகையில் கூடிப் பல்லாயிரம் சொற்கள் ஆவது போல, சில நூறு ஏற்பிகள் கூடி எண்ணற்ற மணங்களை நமக்கு அறிவிக்கின்றன.

இவ்வேற்பிகளுக்கான மரபணுக்களை எலியினிடத்தே முதன்முதலில் கண்டறிந்து 1991-இல் வெளியிட்டவர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள். நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவ்வாய்வு நிகழ்ந்தது. 2004-ஆம் ஆண்டில் இருவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதனிடத்தில் செயற்படும் மணவேற்பி மரபணுக்கள் ஏறத்தாழ 400 உள்ளன என்று இன்று அறிகிறோம். அவற்றுள் ஒன்றே ஒன்றை மட்டும்தான் ஒரு நரம்புச் செல் தேர்ந்தெடுத்துப் புரதமாக்குகிறது. பக்கத்துச் செல் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிறது. மாணவர்கள் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

மரபணுவைக் கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன குறை என்று கேட்கலாம். மரபணு என்பது புரதத்தைச் செய்வதற்கான கட்டளை. அக்கட்டளையின் படி செல்லுக்குள் எழுதப்படுவதை ஆர்.என்.ஏ. என்கிறோம். கட்டளை எழுதப்பட்டது என்பதனாலேயே பொருள் வந்து சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. கல்வி உதவித்தொகைக்கு ஆணை பிறப்பிக்கப்படுவது வேறு. அத்தொகை மாணவன் கைக்கு வந்து சேர்வது வேறு. இவ்வேறுபாட்டை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதுபோலவே, ஒரு திசுவில் ஏற்பியின் ஆர்.என்.ஏ. இருக்கிறது என்றால், ஏற்பிப் புரதமும் அங்கே உண்மையில் இருக்கிறதா, செல்லின் எப்பகுதியில் இருக்கிறது என்று தனியே பார்த்தறிய வேண்டும். புரதமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரிவதில்லை. அதைக் காட்டிக்கொடுக்க ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிதான் எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருள் என்பது நம் குருதியிலேயே உண்டாகும் ஒரு வகைப் புரதம். நோய்க்கிருமியோ வேறு அயற்பொருளோ உடலுக்குள் நுழைந்தால், அதைப் பற்றிப் பிடிக்கும்படி உடல் இதனை உருவாக்குகிறது. இதன் வடிவம் உண்டிவில்லின் கவட்டை போன்றது. கவட்டையின் இரு நுனிகளும் தமக்குரிய பொருளின் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பற்றிக்கொள்கின்றன. 1890-இல் ஜெர்மனியில் பேரிங் என்பவரும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும், ஒரு விலங்கின் குருதிநீரில் உள்ள இத்தகைய காப்பாற்றலை மற்றொரு விலங்குக்கு மாற்ற முடியும் என்று காட்டினர். 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவர்களும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்து, அது போய் ஒட்டும் இடத்தை நுண்ணோக்கியில் காணும் வழியை வகுத்தனர். 1975-இல் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டைன் ஆகிய இருவர், ஒரே வகை எதிர்ப்பொருளைத் தடையின்றி உற்பத்தி செய்யும் செல்களை உருவாக்கினர். 1984-இல் அவர்களும் நோபல் பரிசு பெற்றனர். நோயைத் தடுக்க இயற்கை படைத்த கருவி, இவ்வாறு ஆய்வாளனின் கைக்கருவியும் ஆயிற்று.

மனித மணவேற்பிக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணவேற்பி ஏறத்தாழ 310 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. துணியில் ஊசி ஏழு முறை குத்தி நூலை இழுத்தது போல, அச்சங்கிலி செல்லின் உறையை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. அதில் வேறு புரதங்களோடு ஒத்துப்போகாத சிறு துண்டு ஒன்றைத் தேர்ந்து, அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரிக்கின்றனர். அத்துண்டைப் பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்து முயலுக்கு ஊசி வழியே செலுத்துகின்றனர். சில வாரங்களில் முயலின் குருதியில் அத்துண்டைப் பற்றும் எதிர்ப்பொருள் பெருகுகிறது. குருதிநீரை எடுத்துத் தூய்மைப்படுத்தினால் குப்பி நிறைகிறது.

பின்னர், மெல்லியதாகச் சீவிய திசுத்துண்டின் மேல் அந்த நீர்மத்தை இடுகின்றனர். ஒட்டாததைக் கழுவி நீக்குகின்றனர். முயலின் எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் இரண்டாவது எதிர்ப்பொருள் ஒன்றை அடுத்து இடுகின்றனர். இந்த இரண்டாவது பொருளோடு ஒளிரும் சாயமோ, நிறம் உண்டாக்கும் நொதியோ இணைந்திருக்கும். நொதியாயின், உரிய வேதிப்பொருளைச் சேர்த்தவுடன் அவ்விடம் பழுப்பு நிறம் கொள்கிறது. எங்கே நிறம் தோன்றுகிறதோ அங்கே ஏற்பிப் புரதம் இருக்கிறது என்பது சாட்சியின் வாக்குமூலம்.

இவ்வகைச் சாட்சியால் அறிவியல் பெற்ற பயன் பெரிது. 2004-இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் ஜெர்மனியில் ஒரு குழுவும் சுண்டெலியின் மணவேற்பிகளுக்கு எதிர்ப்பொருள் கொண்டு ஆராய்ந்தன. மூக்கின் குற்றிழைகளில் மட்டுமன்றி, அதே நரம்பு மூளைக்குள் சென்று முடியும் நுனியிலும் அப்புரதம் இருப்பது தெரியவந்தது. மணத்தை அறியும் புரதத்திற்கு, நரம்பு மூளையில் தனக்குரிய இடத்தைச் சென்றடைவதிலும் பங்கு உண்டு என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது.

மணவேற்பிகள் மூக்கோடு நின்றுவிடவில்லை என்பது இன்னொரு வியப்பு. ஓ.ஆர்.51ஈ2 என்று பெயரிடப்பட்ட மனித மணவேற்பியின் மரபணு புராஸ்டேட் சுரப்பியில் மிகுதியாகச் செயற்படுவதும், அங்குத் தோன்றும் புற்றுநோயில் அது மேலும் மிகுவதும் 2000-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. 2014-இல் ஜெர்மனியின் போகம் நகர ஆய்வாளர்கள், சந்தன மணமுடைய ஒரு செயற்கைப் பொருள் மனிதத் தோற்செல்களிலுள்ள ஓ.ஆர்.2ஏடி4 என்னும் ஏற்பியைத் தூண்டுவதாகவும், அதனால் அச்செல்கள் பெருகி நகர்வதாகவும் வெளியிட்டனர். புற்றுநோயை அறிவதற்கும் புண் ஆறுவதற்கும் இவற்றால் வழி பிறக்குமா என்று உலகெங்கும் ஆராய்கின்றனர்.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மணவுணர்வை இழந்தோர் நம் வீடுகளிலும் இருந்தனர். மணமறியும் நரம்புச் செல்லைவிட, அதைச் சூழ்ந்து தாங்கும் துணைச்செல்களையே அந்நுண்மி முதன்மையாகத் தாக்கியது என்று ஆய்வுகள் காட்டின. 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, வெள்ளெலிகளிலும் இறந்த மனிதரின் திசுக்களிலும், மணவேற்பி மரபணுக்களின் செயற்பாடே குன்றிப்போயிருந்ததைக் கண்டது. ஆகவே மணவேற்பியைத் திசுவில் இனங்காண்பது பொழுதுபோக்கான ஆராய்ச்சி அன்று. நோயுற்றோரின் நலனோடு பிணைந்தது.

இங்குதான் நான் சொல்ல வந்த முதன்மையான செய்தி தொடங்குகிறது. சாட்சி பொய் சொன்னால் என்ன ஆகும்?

எதிர்ப்பொருள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஆனால் ஆளை மாற்றிக் காட்டிவிடக்கூடும். மனித மணவேற்பிகள் ஏறத்தாழ 400 என்றேன். அவை ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகள், முகச்சாயல் ஒத்தவை. ஒன்றைப் பற்ற வேண்டிய எதிர்ப்பொருள் அதன் உடன்பிறப்பையும் பற்றலாம். சில வேளைகளில் சிறிதும் உறவற்ற புரதத்தையும் பற்றலாம். அப்போதும் திசுவில் அழகான நிறம் தோன்றும். பார்ப்பவன் மகிழ்ந்து கட்டுரை எழுதிவிடுவான். அதை நம்பி மற்றொருவன் ஆண்டுக்கணக்கில் உழைப்பான்.

இது வெறும் அச்சம் அன்று. வேறு ஏற்பிகளில் நிகழ்ந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா என்னும் புரதம் 1996-இல் அறியப்பட்டது. மார்பகப் புற்றுநோயில் அதன் பங்கைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் எழுந்தன. 2017-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், அவ்வேற்பிக்கான 13 எதிர்ப்பொருள்களை எடுத்துக் கடுமையாகச் சோதித்தனர். திசுக்களில் அப்புரதத்தைத் தனித்துக் காட்டும் தகுதி அவற்றுள் ஒன்றே ஒன்றுக்குத்தான் இருந்தது. அந்த ஒன்றைக்கொண்டு பார்த்தபோது, இயல்பான மார்பகத்திலும் சரி, புற்றுற்ற மார்பகத்திலும் சரி, அப்புரதம் இருப்பதற்குச் சான்று கிட்டவில்லை. 2023-இல் கனடாவை மையமாகக் கொண்ட குழு ஒன்று, 65 புரதங்களுக்கென விற்கப்பட்ட 614 எதிர்ப்பொருள்களை ஆராய்ந்தது. தகுதி குறைந்த எதிர்ப்பொருள்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதும், அவை பல வெளியீடுகளில் பயன்பட்டிருப்பதும் வெளிப்பட்டன. குப்பியின் மேல் அச்சிட்ட பெயர் உள்ளேயிருப்பதற்கு உறுதி தருவதில்லை என்பது இவற்றால் விளங்கும்.

அப்படியாயின் சாட்சியைச் சோதிப்பது எப்படி? அதன் அடிப்படையை நம் பள்ளி மாணவனே அறிவான். சோறு வடித்த கஞ்சியில் அயோடின் கரைசலை விட்டால் கருநீலம் தோன்றுகிறது. மாவுச்சத்து உண்டு என்கிறோம். நல்லாசிரியன் அதோடு விடமாட்டான். மற்றொரு சோதனைக் குழாயில் வெறுந்தண்ணீரை எடுத்து அதிலும் அயோடினை விடச் சொல்வான். அங்கே கருநீலம் தோன்றக்கூடாது. இருக்கும் இடத்தில் காட்டுவதும், இல்லாத இடத்தில் காட்டாதிருப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் சோதனை நிறைவுபெறும்.

மணவேற்பியின் எதிர்ப்பொருளுக்கும் இதே நெறிதான். முதலாவது, அவ்வேற்பியின் மரபணுவை ஆய்வுக்கூடச் செல்லில் புகுத்தினால் நிறம் தோன்ற வேண்டும்; புகுத்தாத செல்லில் தோன்றக்கூடாது. இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மணவேற்பிகள் பல, அயற்செல்லில் மேற்பரப்பை எட்டாமல் உள்ளேயே தங்கிவிடும். அவற்றை மேலே கொண்டுவரத் துணைப்புரதங்கள் தேவை என்பதை 2004-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்தனர். இரண்டாவது, அப்புரதத்தை இயல்பாக உண்டாக்கும் செல்லில் மரபணுவை நீக்கிவிட்டால் நிறம் மறைய வேண்டும். மரபணுவைத் துல்லியமாக வெட்டும் கிறிஸ்பர் முறை 2012-இல் அறிவிக்கப்பட்ட பின் இச்சோதனை எளிதாகியுள்ளது. மூன்றாவது, அதே புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளும் அதே இடத்தையே காட்ட வேண்டும். ஒருவரையொருவர் அறியாத இரு சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்வது போன்றது இது. நான்காவது, எதிர்ப்பொருளைச் சாராத வேறு முறையால் கண்ட அளவோடு இது ஒத்துப்போக வேண்டும்.

மூக்கின் திசுவில் இன்னுமொரு சோதனையை இயற்கையே அமைத்துத் தந்திருக்கிறது. ஒரு நரம்புச் செல்லில் ஒரே ஏற்பி என்று முன்னர் கூறியதை நினைவுகூருங்கள். அதன்படி, ஒரு குறிப்பிட்ட மணவேற்பிக்கான எதிர்ப்பொருள் உண்மையானதாயின், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சில செல்களே நிறம் ஏற்க வேண்டும். படலம் முழுவதும் பழுப்பாகிவிட்டால் ஐயுற வேண்டும். மிகுதியான நிறம் வெற்றி போலத் தோன்றும். இங்கோ அதுவே குற்றத்தின் அறிகுறி. பாடத்தை நன்கு கற்றவனுக்குத்தான் இது புலப்படும். குப்பியை மட்டும் நம்பியவனுக்குப் புலப்படாது.

நிறம் தோன்றினால் ஐயுறுக என்றேன். தோன்றாவிட்டாலும் அவசரப்படலாகாது. புரதத்தின் அளவு மிகக் குறைவாக இருக்கலாம். திசுவைப் பதப்படுத்தியபோது அப்பகுதி மறைந்திருக்கலாம். எதிர்ப்பொருளே செயலற்றதாக இருக்கலாம். காட்டவில்லை என்பதும் இல்லை என்பதும் வெவ்வேறு.

இதன் முழுப்பொருளையும் உணர நம் மூக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கிப் கருவியருகே நின்றவர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் அழுகிய முட்டை வாடையை அறிவார்கள். சாக்கடையிலும் மலக்குழியிலும் தேங்கும் நச்சு வாயுக்களுள் அதுவும் ஒன்று. மிகச் சிறிய அளவில் இருக்கும்போதே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 100 பங்கு என்னும் அளவை அது எட்டும்போது, சில நிமிடங்களிலேயே மணவுணர்வு மரத்துப்போகிறது. வாயு பெருகியிருக்கும், வாடையோ தெரியாது. வாடை போய்விட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணி இறங்கியவன் உயிரோடு மேலே வருவதில்லை. குழியின் விளிம்பில் நின்று, வாடை இல்லை, இறங்கு என்று ஒருவன் சொன்னால், அச்சொல்லை ஏற்காதீர்கள். ஏற்க வேண்டாம் என்று உங்கள் சுற்றத்தாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். உரிய பாதுகாப்புச் சாதனமின்றி ஒருவரை அப்பணியில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். மூக்கு என்னும் சாட்சி வாயடைத்து நிற்கும் இடத்தில், வாயுவை அளக்கும் கருவியே பேச வேண்டும். அறிவியலின் நெறி உயிரைக் காக்கும் நெறியும் ஆகும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

2023-ஆம் ஆண்டில், நான் முன்னர் குறிப்பிட்ட ஓ.ஆர்.51ஈ2 ஏற்பி, ஒரு மணப்பொருளைப் பற்றிக்கொண்ட நிலையில் அதன் முழு வடிவத்தையும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டனர். மரபணுக்கள் அறியப்பட்ட பின் இதற்கே முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. ஏறத்தாழ 400 ஏற்பிகளுள் எது எம்மணத்திற்குரியது, மூக்கிற்கு வெளியே அவை ஆற்றும் பணி யாது என்பவற்றில் செய்ய வேண்டியவை இன்னும் மலைபோல் உள்ளன. அப்பணிக்கு ஆட்கள் தேவை. நம் பிள்ளைகள் ஏன் அவ்வரிசையில் நிற்கக்கூடாது?

மாணவச் செல்வங்களே! பட்டப்படிப்பில் இத்தகைய குப்பி ஒன்று உங்கள் கைக்கு வரும் நாளில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது காட்ட வேண்டியதைக் காட்டுகிறது என்று எந்தச் சோதனையால் தெரிந்தது? இல்லாத இடத்தில் காட்டாது என்பதற்குச் சான்று எங்கே? நான் செய்யப்போகும் முறையில் இது சோதிக்கப்பட்டிருக்கிறதா? இக்கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று யாரேனும் சொன்னால் அஞ்ச வேண்டாம். பெரிய நிறுவனத்தின் முத்திரையும் பெரிய பேராசிரியரின் பெயரும் சோதனைக்கு ஈடாகமாட்டா. சான்று கேட்பதற்குக் கற்றவன் ஒவ்வொருவனுக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் துணிவையும் கல்வி தர வேண்டும்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நாம் நடத்தும் மாலை வகுப்புகளில் சோதனைக் குழாய்களும் அயோடினும் வாங்கி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பிள்ளைகள் தம் கையாலேயே கஞ்சியையும் தண்ணீரையும் அருகருகே வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும். நாளை அவர்கள் மனித மணவேற்பியை ஆராயும்போதும் செய்யப்போவது அதே சோதனையைத்தான்.